எலிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும் தமிழ் அமைப்புகளுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு மக்களைத் திரட்டுகிறீர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள் நான். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள்: "இதைத் தின்ற எலிக்குக் குடல் புற்றுநோய் வந்தது" என்று திரையில் காட்டும்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கருகிய இறைச்சியையே எடுத்துக்கொள்வோம். சுட்ட மீனின் புகையிலும் கருகலிலும் மரபணுவைச் சிதைக்கும் பொருட்கள் இருப்பதை 1977-இல் ஜப்பானில் தகாஷி சுகிமுராவின் குழு காட்டியது. அந்த வகையில் ஒன்று பி.எச்.ஐ.பி. அதைத் தீவனத்தில் 10 லட்சத்துக்கு 400 பங்கு, அதாவது 100 கோடிக்கு 4 லட்சம் பங்கு, கலந்து ஓராண்டு கொடுத்தார்கள். ஆண் எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டி வந்தது, பெண் எலிகளுக்கு மார்பில். நாம் வறுக்கும் இறைச்சியில் அது பெரும்பாலும் 100 கோடிக்குச் சில பங்கு, மிஞ்சினால் சில பத்துப் பங்கு. அதற்காக நமக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்லக் கூடாது. எலியின் கல்லீரல் இதில் பெரும்பகுதியைத் தீங்கற்றதாக்கி வெளியேற்றிவிடும். மனிதக் கல்லீரலோ அதை ஆபத்தான வடிவத்துக்கு மாற்றுவதுதான் அதிகம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மை.

சைக்கேசின் கதையையும் மேடையில் சொல்லலாம். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு மக்கள் மாவாக்கி உண்டுவந்த சைக்கஸ் மரக் கொட்டையில் உள்ள நஞ்சு அது. (மலபாரில் ஈந்து என்பார்கள். இரண்டு ஊரிலும் ஊறவைத்து நஞ்சை இறக்கிய பிறகே உண்பார்கள்.) 1960-களில் எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் வந்தன. குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு வரவில்லை. குடல் பாக்டீரியாவின் நொதிதான் அந்த மூலக்கூறை உடைத்து நஞ்சை விடுவித்திருந்தது! தட்டில் இருப்பதோடு குடலில் வாழ்பவையும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்பதை எலிகள் உயிரைக் கொடுத்துக் காட்டின. அதைப் பயமுறுத்த மட்டும் பயன்படுத்துவது அவற்றுக்கும் அநியாயம்.

மனிதர்களிடமே கிடைத்த சான்றும் இருக்கிறது. சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. முதலில் இதைச் சொல்லுங்கள்.

பிறகு கூச்சப்படாமல் மலத்தைப் பற்றிப் பேசுங்கள். ரத்தம் போனால் நம் வீடுகளில் மூலம் என்று முடிவுகட்டி, துத்தி இலையை வதக்கிக் கட்டி மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம். அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையே பார்க்கிறது. குடல் அதில் இல்லை. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனை எளியது. அடுத்த முகாமில் அதற்கு ஒரு மேசை போடுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். அவர்களிடம் பேச நான் வருகிறேன்.