மல்லிகாவுக்கு, அந்தப் பழைய டிவிஐ கோப்பு பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் மெயில் வந்த அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும், முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அப்புறம் வேளா வேளைக்குச் சொட்டு மருந்து என்று பத்து நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். காலையில் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறாள். சின்னவன் பன்னிரண்டாவது போய்விட்டான், வீட்டில் டிவிக்கு ஓய்வு.

சரி, உன் ஆய்வேட்டுக்கு வருகிறேன். சாரின் எண்பதாவது பிறந்த நாளுக்கு அதை பைண்டு செய்து கொடுக்கலாம் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நீ அனுப்பிய சிடி கோப்புகளை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு நீ அச்சுக்கோர்க்க ஓட்டிய டெக் நிரலுக்கான மூலக் கோப்பு இல்லைதான். ஆனால் டெக் பக்கங்களை அமைத்து எழுதித் தந்த டிவிஐ கோப்பு இருக்கிறது, அதிலிருந்து அன்றைக்கு லேபில் பிரிண்டருக்காக எடுத்த போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் போதும், ஒரு பக்கம் குறையாமல் எடுத்துவிடலாம். எப்படி என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீயே உன் கையால் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.

டிவிஐடைப் என்று ஒரு நிரல் உண்டு, டிவிஐ கோப்புக்குள் இருப்பதைப் படிக்கும்படி கொட்டிக் காட்டும். ஓட்டியதும் முதல் சில வரிகளிலேயே டெக் தானாக எழுதி வைத்த குறிப்பு வந்தது: 1998.04.18:2010. கடைசியில் இருப்பதை வருஷம் என்று நினைத்துவிடாதே, அது நேரம், ராத்திரி எட்டு பத்து. சனிக்கிழமை. எட்டரைக்கு ஹாஸ்டல் கேட் பூட்டிவிடுவார்கள் என்று என்னை முன்னால் ஓடச் சொல்லிவிட்டு நீ கடைசியாக ஒரு தடவை ஓட்டினாயே, அந்தத் தடவைதான் இது. ஐந்து நிமிஷம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்ட முதல் கேள்வி, சமர்ப்பணப் பக்கத்தில் “அம்மாவுக்கு” என்ற வார்த்தை ஏன் காணாமல் போனது, படங்கள் ஏன் வெற்றிடமாக வருகின்றன என்பது. டிவிஐ கோப்பில் எழுத்தின் வடிவம் கிடையாது. இந்த ஃபாண்டை எடு, பக்கத்தில் இந்த இடத்துக்குப் போ, இந்த எண்ணுள்ள எழுத்தை வை என்ற கட்டளைகள்தான் அதில் இருக்கின்றன. அந்த இடக்கணக்கு எவ்வளவு நுணுக்கம் தெரியுமா, ஒரு பாயிண்டை 65,536 பங்காக்கி அதில் ஒரு பங்கை அலகாக வைத்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. டேவிட் ஃபியூக்ஸ் 1979-இல் வகுத்த அமைப்பு அது. எந்தப் பிரிண்டரையும் சாராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள், அதனால்தான் உன் கோப்பு இத்தனை வருஷம் கழித்தும் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் திறக்கிறது. நான் தினமும் ஆஃபீஸில் பார்க்கும் எத்தனையோ வடிவங்கள் பத்து வருஷம் தாண்டுவதில்லை.

ஆங்கிலமும் கணிதக் குறிகளும் கம்ப்யூட்டர் மாடர்ன் ஃபாண்டு, அது எல்லா டெக் நிறுவலிலும் உண்டு. தமிழ் வார்த்தைக்கு நீ போட்டது வாஷிங்டன் தமிழ், தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபாண்ட் என்ற எழுத்து வரையும் நிரலில் வரைந்தது. அது உன் கல்லூரிக் கணினியில் இல்லை, அதனால் டிவிஐயை போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்கும் டிவிப்ஸ் நிரல் திரையில் புலம்பிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டது. சிடான் என்ற டெக் இணையக் களஞ்சியத்திலிருந்து அதன் மெட்டாஃபாண்ட் மூலத்தை இறக்கி, டிவிஐ இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டேன். மறுபடி டிவிப்ஸ் ஓட்டியதும் மெட்டாஃபாண்ட் தானே கிளம்பி எழுத்துகளை வரைந்து கொடுத்தது, “அம்மாவுக்கு” அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

படங்களுக்கு வருவோம். இரண்டாம் அத்தியாயத்து கிராஃப் படங்கள் சரியாக வருகின்றன, கவனித்தாயா? அவற்றை நீ டெக்கின் மேல் கட்டிய லாடெக் கட்டளைத் தொகுதியின் பிக்சர் சூழலில் கை வலிக்க வலிக்கப் போட்டாய். அதில் சாய்கோடும் வட்டமும்கூட ஃபாண்டு எழுத்துகள்தான், அதனால் அவை டிவிஐயோடு பிழைத்துவிட்டன. ஐந்தாம் அத்தியாயத்துப் படங்கள் எக்ஸ்ஃபிக் என்ற படம் வரையும் நிரலில் வரைந்து, இபிஎஸ் என்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் படக் கோப்பு ஆக்கியவை. டிவிஐயில் அவற்றின் கோப்புப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கோப்பு சிடியில் இல்லை என்று நீ வருத்தப்பட்டு எழுதியிருந்தாய், ஆனால் உன் பழைய போஸ்ட்ஸ்கிரிப்டுக்குள் அவை முழுசாக உட்கார்ந்திருக்கின்றன! டிவிப்ஸ் ஒரு படத்தை உள்ளே சேர்க்கும்போது இரண்டு சதவீதக் குறி போட்டு, பிகின்டாகுமென்ட் என்று எழுதி, படத்தின் பெயரையும் போட்டு, படம் முடிந்ததும் எண்ட்டாகுமென்ட் என்று எழுதி வைக்கும். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் இருப்பதுதான் உன் இபிஎஸ். சாதாரண எடிட்டரில் திறந்து, வெட்டி, அதே பெயரில் சேமித்தால் போதும். ஏழு படம், அரை மணி நேரம் ஆகவில்லை.

அப்படியானால் அந்த போஸ்ட்ஸ்கிரிப்டையே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்பாய், நீயும் அதைத்தான் முதலில் செய்திருக்கிறாய், எழுத்தெல்லாம் மங்கல் என்கிறாய். அன்றைக்கு லேபில் இருந்தது அங்குலத்துக்கு 300 புள்ளி லேசர் பிரிண்டர். அதற்கேற்ப ஒவ்வொரு எழுத்தையும் புள்ளிப் படமாக்கித்தான் டிவிப்ஸ் உள்ளே வைத்தது. இன்றைக்கு 1200 புள்ளி மெஷினில் அடித்தாலும் அந்த எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத்தான் தெரியும். டிவிஐயிலிருந்து புதிதாக எடுத்தால் கம்ப்யூட்டர் மாடர்னின் டைப் 1 வடிவம் கிடைக்கும், அது கோடுகளால் ஆனது, எந்த அளவிலும் கூர்மை. தமிழ் வார்த்தை மட்டும் புள்ளிப் படம்தான், அதற்காக டிவிப்ஸுக்கு மைனஸ் போட்டுப் பெரிய டி, பக்கத்தில் 1200 என்று கொடுத்துவிடு.

இப்போது நான் ரொம்பச் சொல்ல நினைப்பது காகித அளவு. இதை மட்டும் அசட்டையாக விடாதே. டிவிஐக்குத் தான் எந்தக் காகிதத்தில் விழப்போகிறோம் என்றே தெரியாது. டிவிப்ஸ் ஒரு அளவை நினைத்துக்கொள்ளும், போஸ்ட்ஸ்கிரிப்டைப் பிடிஎஃப் ஆக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஒன்றை நினைத்துக்கொள்ளும், பிரிண்டர் இன்னொன்றை. ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், அமெரிக்க லெட்டர் 279.4, வித்தியாசம் 17.6. போஸ்ட்ஸ்கிரிப்ட் அளப்பது காகிதத்தின் கீழ் மூலையிலிருந்து, எனவே டிவிப்ஸ் ஏ4 என்று கணக்குப் போட்டு அடுத்த நிரல் லெட்டர் என்று நினைத்தால் மேலே அந்த 17.6 அப்படியே பறிபோகும். பல வருஷம் முன்னால் ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் எனக்கு இதுதான் நடந்தது. மேலே ஒரு அங்குலம் விட்டிருந்தோம், மிச்சம் நின்றது எட்டு மில்லிமீட்டர்கூட இல்லை, பைண்டிங்கில் ஓரம் வெட்டியதும் பக்க எண்கள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றன. முந்நூறு பிரதி. திரையில் பார்த்தபோது யார் கண்ணிலும் படவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு படியிலும் அளவை வாய் விட்டுச் சொல்லிவிடுவது என் வழக்கம்: டிவிப்ஸில் மைனஸ் சின்ன டி, பிறகு ஏ4. கோஸ்ட்ஸ்கிரிப்டை ஓட்டும் பிஎஸ்2பிடிஎஃப் கட்டளையில் மைனஸ் சின்ன எஸ், ஒட்டிக்கொண்டே பெரிய எழுத்தில் பேப்பர்சைஸ், சமக்குறி, ஏ4. அச்சுக்கு அனுப்பும் எல்பி கட்டளையில் மைனஸ் சின்ன ஓ, மீடியா சமக்குறி ஏ4.

இடது பக்கம் தையலுக்கு இடம் போதாது என்று பட்டால் டிவிப்ஸில் மைனஸ் பெரிய ஓ போட்டு அரை அங்குலம் வலப்பக்கம் நகர்த்தலாம். ஆனால் அப்போது ஒரு பக்கம் மட்டும் அச்சடி, இரு பக்கமும் அடித்தால் பின்பக்கம் தையலுக்குள் போய்விடும். எப்படியும் நம் காலத்து எம்ஃபில் ஏடுகள் ஒரு பக்க அச்சுதானே.

முழுவதும் அடிக்கும் முன் நாலு பக்கம் மட்டும் எடுத்துப் பார். டிவிப்ஸில் மைனஸ் சின்ன பி-யும் மைனஸ் சின்ன எல்-உம் தொடக்கப் பக்கம், கடைசிப் பக்கம். உன் ஏட்டில் முன்பகுதி ரோமன் எண், அதுவும் டெக்கின் கணக்கில் ஒன்று, இரண்டுதான், எனவே ஒன்று என்று கேட்டால் முதலில் மாட்டுவது நன்றியுரை. கோப்பில் எத்தனையாவது தாள் என்று சொல்ல வேண்டுமானால் எண்ணுக்கு முன் சமக்குறி சேர்.

பிடிஎஃப் ஆனதும் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் என்று ஒரு சின்னக் கட்டளையை ஓட்டு. எல்லா ஃபாண்டுக்கும் நேரே எம்ப் என்ற பத்தியில் “யெஸ்” என்று வர வேண்டும், வந்தால் உள்ளேயே பொதிந்திருக்கிறது, எந்தக் கடையில் கொடுத்தாலும் எழுத்து மாறாது. ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது “ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸ்” என்று பக்கத்தில் நின்று சொல். அவர்கள் கை பழக்கத்தில் ஃபிட் அழுத்திவிடுவார்கள், பக்கம் லேசாகச் சுருங்கி எல்லா ஓரமும் கூடிவிடும்.

கடைசியாக ஒன்று. முப்பத்தேழாம் பக்கத்துத் துணைத்தேற்றத்தில் “n கூட்டல் ஒன்று” என்று வர வேண்டிய இடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் விழுந்திருக்கிறது, அதைத் திருத்த முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். டிவிஐஏஎஸ்எம் என்ற நிரல் டிவிஐயைச் சாதாரண எழுத்தாகப் பிரித்துத் தரும், திருத்திவிட்டுத் திரும்பவும் டிவிஐ ஆக்கலாம். கம்ப்யூட்டர் மாடர்னில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே அகலம், ஃபாண்டு மட்டும் வேறு. அதனால் அந்த ஒரு குறியை மாற்றினால் வரியில் எதுவும் இம்மி அசையாது. ஆனால் வைவாவில் சார் அதைக் கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டம் போட்டு, “தேற்றம் சரி, கை தவறிவிட்டது” என்று சிரித்தாரே, அது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றட்டுமா, அப்படியே விடட்டுமா? நீ சொல்லும் வரை அந்தப் பக்கத்தைத் தொட மாட்டேன். படங்களையும் தமிழ் ஃபாண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி