ஒன்றரைக் கட்டை கிதார்

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க முட்டிவலி புராணம், பேத்தி பிறந்த சேதி மட்டும் கடைசி வரியில். தாத்தா ஆகிவிட்டாய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வாழ்த்துகள்டா. தங்கச்சியிடமும் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் பெங்களூரிலேயே தங்கிவிடுவான் போலிருக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

"இன்னும் அந்தக் காட்டுக்கத்தலைத்தான் கேட்கிறாயா? அப்படியென்றால் எனக்கும் நாலு எழுது, ரிட்டையர் ஆகிச் சும்மாதானே இருக்கேன்" என்று கேட்டிருக்கிறாய். ஹெவி மெட்டலைத்தானே சொல்கிறாய்? கேட்கிறேன். ஆனால் ஹாஸ்டலில் கேட்ட மாதிரி இல்லை. அப்போது நமக்கு வேகம்தான் கனம். உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்லேயர் குழுவின் கேசட் ஞாபகம் இருக்கிறதா? 'ரெய்ன் இன் பிளட்', 1986. மொத்த ஆல்பமே 29 நிமிஷம்தான். டிரம்ஸ் அடிக்கிற வேகத்தைப் பார்த்து இது மனுஷன் கையா மெஷினா என்று சண்டை போட்டோமே. இப்போது எனக்குப் பிடிப்பதெல்லாம் மெதுவானது, ரொம்பவே மெதுவானது. வயசாகிவிட்டது என்பாய். இருக்கட்டும். ஆனால் இந்த இசை ஆரம்பத்திலேயே மெதுவாகத்தான் பிறந்தது, வேகம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கட்சி.

இங்கே ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டுவர வேண்டும். ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது, முடிந்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் வருகிறார். மிருதங்கம் கற்றுக்கொள்ளும் கல்லூரிப் பையன் ஒருவனும் வருகிறான். மற்றவர்கள் நம்மைப் போலக் கணக்கு வழக்கு பார்த்துத் தலை நரைத்தவர்கள்.

ஒரு வாரம் நான் பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பத்தைக் கொண்டுபோனேன். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. போடுவதற்கு முன்னால் அவர்களுடைய கிதார்காரர் டோனி அயோமியின் விரல் கதையைச் சொன்னேன். பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. பையனுக்குப் பதினேழு வயது. அன்றுதான் வேலைக்குக் கடைசி நாள். பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கும் ஆள் வரவில்லை என்று இவரை நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவதே அந்த வலது கைதான். கதை இந்த இடத்துக்கு வந்ததும் ஃபிட்டர் அண்ணன் குறுக்கிட்டார்: "அந்த மெஷின்ல சேஃப்டி கார்ட் போடலையா?" பாட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். எங்களில் யாருக்கும் தோன்றவில்லை பார்.

தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தாராம். இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்த ஜாஸ் கிதார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அயோமி பாத்திரம் கழுவும் திரவ பாட்டில் ஒன்றை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். ஆனால் கனமான தந்தியை அதை வைத்து அழுத்த முடியாது. பான்ஜோ தந்தி போட்டுப் பார்த்தார். தந்தியைத் தளர்த்தினால் இன்னும் சுலபம். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு கிதாரை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். நம்மூர்ச் சுருதிக் கணக்கில் சொன்னால் மூணு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. இன்றைக்கு உலகமெங்கும் ஹெவி கிதார் என்றாலே அடித்தொண்டையில் உறுமுவதற்கு இந்த விரல் நுனியும் ஒரு காரணம்.

அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை மறுபடி போட்டுக் கேள். மழை, மணி ஓசை, அப்புறம் மூன்றே சுரம்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த 'ம'. அவ்வளவுதான். கல்யாணி ராகத்தில் எவ்வளவு குளுமையாக இருக்கும் அந்த மத்யமம், பஞ்சமத்தின் துணையில்லாமல் தனியாக நிற்கும்போது அடிவயிறு கலங்குகிறது. வேகமாக வாசித்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. அடுத்த சுரம் எப்போது விழும் என்று காத்திருக்க வைப்பதில்தான் அந்தக் கனம் இருக்கிறது.

போன வருஷம் ஜூலை 5, 2025 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் சப்பாத்தின் அந்தப் பழைய நாலு பேரும் கடைசியாக ஒன்று சேர்ந்தார்களே, பார்த்தாயா? பாடகர் ஓஸி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை, சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தபடியே பாடினார். அவர் வளர்ந்த ஆஸ்டன் பகுதிதான் அது. ஜூலை 22இல் போய்ச் சேர்ந்தார். சொந்த ஊரில் பாடிவிட்டுப் போகிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லு.

அதே ஊர்தான் எதிர்த்திசையில் ஓடியவர்களையும் பெற்றது. நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' ஆல்பத்தில், 1987, ஒரு பாட்டு ஒன்றரை வினாடிகூட இல்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கிதார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக் அப்புறம் காட்ஃபிளெஷ் என்று ஒரு குழு அமைத்து, டிரம்ஸுக்கு ஆளே வைக்காமல் மெஷினை வைத்து, 1989இல் 'ஸ்ட்ரீட்கிளீனர்' போட்டார். நத்தை வேகம். வேகத்தின் உச்சியைப் பார்த்தவரே திரும்பி நடந்துவந்துவிட்டார் என்பதை என் கட்சிக்குச் சாட்சியாக எழுதிக்கொள்.

சரி, இப்போது உன்னை உண்மையிலேயே சோதிக்கப்போகிறேன். நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே சப் பாப் கம்பெனி 1993இல் 'எர்த் 2' என்று ஒன்றை வெளியிட்டது. டிலன் கார்ல்சன் என்பவர் நடத்திய குழு. மூன்றே பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாடுகிறவர் யாரும் இல்லை, டிரம்ஸும் கிட்டத்தட்ட இல்லை. கிதாரும் பேஸும் ஒரே இடத்தில் நின்று முழங்கிக்கொண்டிருக்கும். முதல் பத்து நிமிஷம் எங்கள் மாடியில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் காது பழகியது. அடியில் ஓடும் சுரத்துக்கு மேலே வேறு சுரங்கள் மெல்லக் கிளம்புவது தெரிந்தது. யாரும் வாசிக்காத சுரங்கள். மிருதங்கப் பையன்தான் முதலில் பிடித்தான்: "சார், தம்புராவுல காந்தாரம் தானா கேக்குமே, அதுதான் இது." அவன் சொன்னது சரி. மெட்டல்காரர்கள் பவர் கார்ட் என்று சொல்வது வேறொன்றும் இல்லை, ஷட்ஜமும் பஞ்சமமும். தம்புராவில் நாம் மீட்டுவதும் அதேதான். ஆம்ப்ளிஃபையரைக் கதறவிட்டால் அதன் மேல்சுரங்கள் எல்லாம் கொப்பளித்து வெளியே வருகின்றன.

இந்த எர்த்துக்கு மரியாதை செய்வதற்கென்றே 1998இல் இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய குழுதான் சன். பெயருக்குப் பின்னால் ஒரு வட்டமும் மூன்று வளைவும் போட்டு எழுதுவார்கள். அதெல்லாம் பழைய ஆம்ப்ளிஃபையர் கம்பெனி ஒன்றின் சின்னம், வாயால் சொல்லும்போது வெறும் சன்தான். சாமியார் அங்கி போட்டுக்கொண்டு புகைக்குள் நின்று வாசிப்பார்கள். அந்த வேஷம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் 2009இல் வந்த 'மோனோலித்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'ஆலிஸ்', அதற்கு நான் அடிமை. கால் மணி நேரம். கிதார் மலை மாதிரி உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிக் காற்று வாத்தியங்களும் ஹார்ப்பும் ஒவ்வொன்றாக வரும். கடைசியில் கிதார் எப்போது விலகியது என்றே தெரியாமல் ஒரு டிராம்போன் மட்டும் மிச்சமிருக்கும். அதை வாசித்தவர் ஜூலியன் பிரீஸ்டர், ஜாஸ் உலகத்துப் பெரியவர்.

இங்கேதான் உன் ஊர் வருகிறது. அந்த ஆலிஸ் வேறு யாரும் இல்லை, ஜாஸ் மேதை ஆலிஸ் கோல்ட்ரேன். அவருடைய 1971ஆம் வருஷத்து ஆல்பத்தின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தம்புரா ஓட ஓட ஹார்ப் வாசித்திருப்பார். அந்தச் சச்சிதானந்தா, உன் போத்தனூர் வீட்டிலிருந்து நீ ஸ்கூட்டரில் போய்வரும் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969 உட்ஸ்டாக் விழா மேடையில் தொடக்க உரை பேசியவரும் அவர்தான். இனிமேல் எருமை கத்துகிற மாதிரி இருக்கு என்று நீ திட்டினால், உன் ஊர்க்காரர் பெயரில் தொடங்கிய வம்சத்தைத் திட்டுகிறாய் என்று நினைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் வேகம் கருதாமல் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்வீடன்காரர்கள் மெஷுகா, 2008இல் வந்த 'ஆப்ஸென்'. டிரம்ஸின் சிம்பல் நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கும், கிதார் வேறொரு நீளத்தில் சுற்றிச் சுற்றி வரும். எங்கள் பையன் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டான். முடிந்ததும் முகம் சுளித்தான்: "கோர்வைன்னா கணக்கா வந்து எடுப்புல, பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல, விழணும் சார். இவங்க இடம் போதலேன்னா பாதியில வெட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, இது திருட்டு." ஃபிட்டர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தகடு நீளமாக இருந்தால் வெட்டத்தான் வேண்டும் என்றார். அன்றைக்கு டீ ஆறிப்போகும் வரை சண்டை. நான் பையன் பக்கம்.

போனில் கேட்காதே, அந்த ஸ்பீக்கரில் அடிநாதம் வராது, கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். மாப்பிள்ளைப் பையன் வாங்கி வைத்திருக்கும் ஹெட்போனை இரவல் கேள். சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றவேண்டாம். எனக்கே இடது காதில் உச்சஸ்தாயி கொஞ்சம் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, நான் கேட்பதெல்லாம் கீழேயே இருக்கிறது. முதலில் சப்பாத், அப்புறம் 'ஆலிஸ்', எர்த்தைக் கடைசியில் வைத்துக்கொள். பிடிக்காவிட்டால் தாராளமாகத் திட்டி எழுது, பத்து நிமிஷம் தாண்டின பிறகு.

பதிலுக்கு நீ சொன்ன அந்தக் கோயில் நாதஸ்வரப் பதிவை அனுப்பு. அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். முட்டிக்கு மாடிப்படி ஏறாதே. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்