ஆம்ப் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்கள் ஐந்தின் பெயரை வரிசையாக எழுதி, "இதில் எதுப்பா நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எத்தனை வாட் என்று குறித்திருக்கிறாய். எத்தனை கிலோ என்று ஒன்றுக்குக்கூடக் குறிக்கவில்லை. நீ குடியிருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ரிகர்சலுக்குப் பஸ்ஸில் போகிறாய். ஒரு தோளில் பேஸ் கிட்டார் தொங்கும், பையோடு சேர்த்தால் அதுவே ஐந்து கிலோ பக்கம் வரும். ஆம்புக்கு மிஞ்சுவது ஒரு கைதான். அந்த ஒரு கையால் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்க முடியாத எதையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடு. பத்து கிலோவைத் தாண்டியதை நீ ஒரு மாதம் தூக்குவாய், அப்புறம் அது அறையிலேயே கிடக்கும். நீ வெறுங்கையோடு ரிகர்சலுக்குப் போவாய்.

இதோடு இன்னொன்றையும் விசாரி. நீங்கள் ரிகர்சல் செய்யும் இடத்திலேயே பேஸ் ஆம்ப் ஒன்று வைத்திருக்கிறார்களா? பல இடங்களில் வைத்திருப்பார்கள். இருந்தால் உனக்கு வேண்டியது அறையில் வாசிக்கவும், எப்போதாவது வெளியே கொண்டுபோகவும் பாட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி மட்டுமே. இல்லையென்றால் டிரம்மருக்கு ஈடுகொடுக்கிற ஒன்று வேண்டும். இது தெரியாமல் ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

வாட் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கு ஆனது போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் மட்டும்தான் தெரியும். அதே வாட்டில் ஸ்பீக்கரையும் பெட்டியையும் பொறுத்து ஒன்று மற்றதைவிடத் தாராளமாகக் கேட்கும். அதை அட்டைப்பெட்டியின் மேல் போட்டிருக்க மாட்டார்கள், வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பேஸுக்கு ஏன் இந்தத் தொல்லை என்றால், விரலால் அழுத்தாமல் திறந்து மீட்டுகிற உன் ஈ கம்பி, இருப்பதிலேயே தடித்தது, நொடிக்கு 41 தடவை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. அந்த ஒலியின் ஒரு அலை காற்றில் எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். அதைக் காதில் விழவைக்க ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், அடிச்சத்தம் ஆழமாக வர வேண்டும், குறைந்த சக்தியிலேயே உரக்கவும் கேட்க வேண்டும் என்று மூன்றையும் ஒருசேரக் கேட்டால் எந்தக் கம்பெனியாலும் தர முடியாது. இரண்டைத் தருவார்கள், மூன்றாவதை நீ விட்டுக்கொடுக்க வேண்டும். கையில் எடுத்துப்போகிற ஆம்பில் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது அடிச்சத்தத்தைத்தான்.

ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. ஒரு கம்பியை மீட்டினால் 41 மட்டுமா வருகிறது? அதன் மடங்குகளான 82, 123 எல்லாம் கூடவே வருகின்றன. அந்த மேல் மடங்குகள் ஒழுங்காகக் காதில் விழுந்தால் போதும். அடியில் இருப்பது சரியாக வராவிட்டாலும் மூளை அதே சுரமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நல்ல சின்ன ஆம்ப்கள் எல்லாம் இதை நம்பித்தான் செய்யப்படுகின்றன. எட்டு அங்குல ஸ்பீக்கரில் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகி 41 ஹெர்ட்ஸைப் பிடிக்க நினைத்தால் ஸ்பீக்கர் உதறும், சத்தம் அதிகமாகாது. ஐந்து கம்பி பேஸ் வாங்கப் போவதாகச் சொன்னாயே, அதன் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதை வாங்கினால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். இப்போதைக்கு நான்கு கம்பியே போதும் என்பது என் எண்ணம்; கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

கைக்கு அடக்கமான பேஸ் ஆம்ப் வேண்டும் என்பது பழைய ஆசைதான். அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரை 1951-இல் கொண்டுவந்தார், அதற்கென்று பேஸ்மேன் ஆம்பை 1952-இல். 1960-இல் ஆம்பெக் கம்பெனி பி-15 என்று ஒன்றைச் செய்தது. மேலே இருக்கும் ஆம்பைத் தலைகீழாகப் புரட்டினால் அது ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அப்படியே எடுத்துப்போகலாம். அதன் சக்தி வெறும் 25 வாட், ஸ்பீக்கர் 15 அங்குலத்தில் ஒன்றே ஒன்று. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது அந்த வகைதான். அதே கம்பெனி 1969-இல் எஸ்விடி என்று 300 வாட்டில் ஒன்றைச் செய்தது. அதனோடு வைக்கும் பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு! அதைத் தூக்கவே தனி ஆள் வேண்டும்.

இப்போது எடை குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. அப்போது உள்ளே இரும்பும் செம்புமாகக் கனத்த டிரான்ஸ்பார்மர் இருக்கும். இப்போது பல ஆம்ப்களில் அதற்குப் பதில் மின்சாரத்தை மாற்றித் தருகிற சின்ன சுவிட்சிங் சப்ளை; கிளாஸ் டி என்கிற ஆம்ப் சுற்று வெப்பமாக வீணடிப்பது கொஞ்சம்தான் என்பதால் பெரிய உலோகத் தகடும் வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் நியோடிமியம் காந்தம் போட்டிருந்தால் அங்கேயும் எடை குறையும். ஆகவே எடை குறைவாக இருப்பதை வைத்து மட்டும் மட்டமான சரக்கு என்று முடிவு செய்துவிடாதே.

கடைக்குப் போகும்போது உன் கிட்டாரையும் உன் கேபிளையும் எடுத்துப்போ. அங்கே மாட்டி வைத்திருக்கும் உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். ஈக்யூ குமிழ்கள், அதாவது அடி, நடு, மேல் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற பேஸ், மிட், டிரெபிள் குமிழ்கள், எல்லாவற்றையும் நடுவில் வை. முதலில் மெதுவாக ஈ கம்பியில் திறந்த சுரத்திலிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டாக (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) மேலே போ, ஒரே அழுத்தத்தில் மீட்டு. சில சுரம் பொங்கி வரும், சில சுரம் அமுங்கிப்போகும். அந்த ஏற்ற இறக்கம் எதில் குறைவோ அது நல்ல பெட்டி. மூன்றாவது ஃபிரெட்டில் ஜி சுரம், 49 ஹெர்ட்ஸ், அந்த இடத்தை ஒட்டி நன்றாகக் கவனி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி அதே சுரத்தை நீளமாகப் பிடித்தால் எங்கோ "ஜர்ர்" என்று ஓர் ஒட்டுச்சத்தம் கேட்கலாம். உள்ளங்கையை முன்வலையின் மேல் வைத்து அழுத்து, சத்தம் நின்றால் வலைதான் ஆடுகிறது. நிற்காவிட்டால் கைப்பிடியைப் பிடித்துப் பார், அப்புறம் பின்பக்கத்துத் திருகாணிகளைத் தொட்டுப் பார். எதைப் பிடித்தும் நிற்கவில்லையென்றால் ஸ்பீக்கரே உதறுகிறது. அந்தப் பெட்டியை வாங்காதே. இதையெல்லாம் செய்தால் கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

அப்புறம், பெட்டியின் தலைமாட்டில் நின்று மட்டும் கேட்காதே. யாரையாவது வாசிக்கச் சொல்லி, நான்கைந்து தப்படி தள்ளிப் போய்க் கேள். கூட வாசிப்பவர்களும் கேட்பவர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

பின்பக்கத்தில் நீ தேட வேண்டியவை சில. கட்டாயம் இருக்க வேண்டியது டிஐ அவுட், உன் பேஸின் ஒலியை நேராக மிக்ஸருக்கு (எல்லாருடைய ஒலியையும் கலக்கும் கருவி) அனுப்புகிற துளை. மேடையில் மிக்ஸருக்கு அதிலிருந்து ஒரு கேபிள் போனால், கூட்டத்துக்குச் சத்தம் தருவது பெரிய ஸ்பீக்கர்களின் வேலை. உன் ஆம்ப் உனக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். இந்த ஒரு துளை இருந்தால் 40 வாட் ஆம்போடுகூடப் பெரிய மேடைக்குத் தைரியமாகப் போகலாம். இது இல்லாமல் 200 வாட் இருந்தாலும் திண்டாட்டம்தான். ஈக்யூவுக்கு முன்னால் எடுக்கிறதா பின்னால் எடுக்கிறதா என்று மாற்றுகிற பொத்தானும் இருந்தால் நல்லது. முன்னால் என்று வைத்துவிடு; நீ மேடையில் குமிழைத் திருகும்போது மிக்ஸர்காரர் திட்ட மாட்டார். பக்கத்தில் கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் அதை அழுத்திப் பார். இரைச்சல் போக வேண்டும் என்று யாராவது பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கச் சொன்னால் அந்த ஆளிடம் கிட்டாரைக்கூடக் கொடுக்காதே. எர்த் இல்லாமல் கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஹெட்போன் துளையும் வேண்டும். அதில் மாட்டினால் ஸ்பீக்கர் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள். கீழ்வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் இல்லையா? பேஸ் சத்தம் சுவரையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு போகும், உன் அறையில் மெதுவாகக் கேட்பதே அங்கே கூரை அதிர்கிற மாதிரி இருக்கும். ஸ்பீக்கரில் வாசிக்கும்போது அடியில் தடித்த ஃபோம் ஒன்றைப் போடு. பாட்டைப் போனிலிருந்து புளூடூத்தில் ஆம்புக்கு அனுப்பிக் கூடவே வாசிப்பது சரி. உன் பேஸையே புளூடூத் ஹெட்போனில் கேட்கப் பார்க்காதே. விரல் பட்டதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே இடைவெளி விழும், தாளம் கெட்டுவிடும். கம்பி போட்ட ஹெட்போன்தான் இதற்கு லாயக்கு.

பாட்டரி விஷயத்தில் அவர்கள் சொல்கிற மணி நேரத்தை அப்படியே நம்பாதே, அது பெரும்பாலும் குறைந்த சத்தத்துக்கான கணக்கு. சாதாரண பாட்டரி போடுகிற வகையில் தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளேயே லித்தியம் வைத்தது என்றால், பாட்டரி தளர்ந்த பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள். அதை வெயிலில் நிற்கிற காரில் விட்டுவைக்காதே. விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பார். 100 வாட் மணிக்குள் இருந்தால் கைப்பையில் பொதுவாக அனுமதிப்பார்கள், அதைத் தாண்டி 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சுவரில் மாட்டுகிற வகையென்றால் பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பார். போட்டிருந்தால் எந்த நாட்டுக்குப் போனாலும் பிளக் மாற்றினால் போதும்.

வாங்கிய பிறகு எல்லாரும் செய்கிற ஒன்றை நீயும் செய்வாய் என்று தெரியும். அறையில் தனியாக உட்கார்ந்து பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, நடுவை இறக்கிவிடுவாய். தனியாகக் கேட்க அது அமிர்தமாக இருக்கும். அப்படியே ரிகர்சலுக்குப் போனால் அடியைக் கிக் டிரம் மூடிவிடும், மேலே சிம்பல் மூடிவிடும், நீ வாசிக்கிறாயா என்றே யாருக்கும் தெரியாது. கேட்கவில்லை என்று வால்யூமைத் திருகுவதற்கு முன்னால் மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்று. 250-இலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைதான் பேஸின் பேச்சு இருக்கிறது. தனியாகக் கேட்டால் அது கொஞ்சம் மூக்கால் பேசுவது போலிருக்கும், குழுவில் சரியாக உட்காரும்.

வைக்கிற இடமும் முக்கியம். மூலையில் தள்ளி வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிச்சத்தத்தை ஊதிவிடும். சின்ன ஆம்புக்குச் சில நேரம் அது உதவும், பல நேரம் குழப்பும். தரையில் வைத்தால் சத்தம் உன் முழங்காலுக்குத்தான் கேட்கும், நாற்காலியில் ஏற்றி வை அல்லது பின்னால் சாய்த்து வை. உனக்கே தெளிவாகக் கேட்டுவிட்டால் கம்பியை இவ்வளவு பலமாக அடிக்கவும் மாட்டாய், விரல் வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டாய்.

உன் அறைத்தோழியின் சாதாரண கிட்டார் ஆம்பில், புதியது வாங்கும்வரை வாசிக்கலாமா என்று கேட்டிருந்தாய். மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது, சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியலாம். அவளிடம் சொல்லிவிட்டு வாசி. வாசித்து முடித்ததும் உன் கிட்டாரிலிருந்து கேபிளைக் கழற்று. உன்னுடையது ஆக்டிவ் பேஸ், கேபிள் மாட்டியிருக்கும்வரை உள்ளே இருக்கிற 9 வோல்ட் பாட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

காதுக்கு அடைப்பான் வாங்கச் சொல்லி அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள். டிரம் பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது ஆம்பைவிட அவசரம், இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடு.

கடையில் வாசித்ததைப் பதிவு செய்து எனக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். அனுப்பாதே. என் போன் ஸ்பீக்கரில் ஐந்தும் ஒன்றுபோலத்தான் கேட்கும். மூன்று மாடி ஏறப் போவது நீதான். நீயே கேட்டு, நீயே தூக்கிப் பார்த்து எடு. எடுத்தது எது என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா