வடசென்னைக் கணினிக் கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் என்று நம் பக்கத்தில் கணினி விற்கிற, பழுது பார்க்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் ஆன்டிவைரஸ் விற்கும் விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் அக்கம்பக்கத்தில் யாருடைய கணினியாவது படுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். காசு வாங்குவதில்லை. ஆகவே உங்கள் தொழிலுக்குப் போட்டியாக வந்து பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சில வாரங்களுக்கு முன் அடுத்த தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் கூப்பிட்டனுப்பினார். தையல் இயந்திரத்துக்கு எதிரே, துணி போட்டு மூடிய கணினி. திறந்து பார்த்தேன். மகளின் கல்லூரிப் புராஜெக்ட், டிசைன் படங்கள், காலமான கணவரின் புகைப்படங்கள் எனக் கோப்புகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரே குறிப்பு: பூட்டைத் திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர். 'டிஜேவு' என்ற ரான்சம்வேரின், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலின், குறிப்பு அது. உங்களில் அனுபவசாலிகள் வாசகத்தைப் பார்த்ததுமே கண்டுகொள்வீர்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தேன். காவல் அணைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே விலக்குப் பட்டியல், அதாவது இவற்றைச் சோதிக்காதே என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டருக்குச் சொல்லி வைக்கும் இடம். அதில் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ் முழுவதும். அது தானாக அங்கே வராது. விலை கொடுத்து வாங்காத விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் கிராக், அதாவது உரிமச் சோதனையை ஏமாற்றும் நிரல், போட்டால் டிஃபென்டர் பிடித்துவிடும். பிடிக்காமல் இருக்கத்தான் யாரோ அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்துக் காட்டினார். 'பார்மட், விண்டோஸ், ஆபீஸ்' என்று எழுதி, அதற்கடுத்த வரியில் 'ஆன்டிவைரஸ் 1 ஆண்டு' என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தது. உண்மையில் போட்டுக் கொடுத்தது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய 30 நாள் சோதனைப் பதிப்பு. அது எப்போதோ காலாவதியாகிவிட்டது.

எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையோடு சண்டை போட்டுத் தீர்கிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. பூட்டின கோப்புகளைத் திறக்க எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் ஓர் இலவசக் கருவி வெளியிட்டது. அந்த ரான்சம்வேரின் 148 வகைகளுக்கு அது மருந்து. அதற்குப் பிறகு வந்த வகைகள் பெரும்பாலும் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி போட்டுப் பூட்டுகின்றன. அக்காவின் கணினியில் இருந்தது அப்படிப்பட்டது. கடைசியில் உறவினர் ஒருவரின் போனில் இருந்த 11 படங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன.

அந்தக் குடும்பத்துக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று அவர்கள் கடையில் கேட்டபோது, உண்மையான பதில் என்னவாக இருந்திருக்க வேண்டும்? இதைத்தான் உங்களோடு பேச வந்தேன்.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதலே ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அன்று அதை நம்ப முடியாது என்று நீங்கள் சொன்னது நியாயம். மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸுக்கு ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் அதே 2012இல் சான்றிதழ் தர மறுத்தது. ஆனால் அதே ஆய்வகம் 2019 முதல் டிஃபென்டருக்குப் பல சுற்றுகளில் 18க்கு 18 கொடுத்திருக்கிறது. பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, நல்ல கோப்பைத் தவறாகப் பிடிக்காமல் இருப்பது போன்ற பயன்பாட்டுக்கு 6 என்பது அவர்கள் கணக்கு. காசு கொடுத்து வாங்கும் பெரிய பெயர்களும் இதே மதிப்பெண்ணைச் சுற்றித்தான் நிற்கின்றன. இதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் ஆன்டிவைரஸ் பெட்டியை நீட்டுவது சரியில்லை.

டிஃபென்டர் எல்லா வீட்டுக்கும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகத்தின் சோதனைகளைப் பாருங்கள். இணைய இணைப்பு இல்லாதபோது டிஃபென்டரின் பிடிக்கும் திறன் குறைகிறது. அது மேகக் கணிமையை, அதாவது இணையத்தின் மறுமுனையில் உள்ள மைக்ரோசாஃப்ட் கணினிகளை, அதிகம் நம்பியிருப்பதுதான் காரணம். நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பிராட்பேண்ட் இல்லாமல், வேண்டும்போது மட்டும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்கும் வீடுகள் எத்தனை! ஜெராக்ஸ் கடையில் பத்துப் பேரின் பென் டிரைவ் ஏறி இறங்கும் கணினியிலிருந்து கோப்பை வாங்கி வந்து வீட்டில் செருகுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கணினியிலேயே வலுவாக இயங்கும் கட்டண ஆன்டிவைரஸை நானே வாங்கச் சொல்வேன். எட்ஜ் பிரவுசரைத் தொடாதவர்களுக்கு ஆபத்தான தளங்களைத் தடுக்கும் மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீன் வடிகட்டியால் முழுப் பயன் இல்லை. குரோமுக்கு அதற்கென்று தனிக் காவல் உண்டு. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கட்டுப்படுத்த வேண்டும், வங்கி வேலைக்குத் தனிப் பாதுகாப்பான பிரவுசர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 'இன்டர்நெட் செக்யூரிட்டி' வகையில் பொருள் இருக்கிறது. இணையப் போக்குவரத்தை மறைக்கும் வி.பி.என்., 'கணினியை வேகமாக்கும்' பொத்தான் என்று அடுக்கி விலையை ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினிக்கு அந்தக் காசில் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான ஓர் எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள்.

இலவசம் என்று வருவதிலும் கேள்வி கேளுங்கள். இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வந்தவனே வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று குறித்துக்கொண்டுபோய் விற்ற கதை அது.

ஆன்டிவைரஸ் பெட்டி விற்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். முதல் ஆண்டு நீங்கள் தரும் விலை வேறு. கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு நிறுவனம் தானாகவே எடுத்துக்கொள்ளும் விலை பெரும்பாலும் அதைவிட அதிகம். தானாகப் புதுப்பிப்பதை அணைத்துக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவர் உங்கள் கடைக்கே வருவார். புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் அதை முழுதாக நீக்கிக் கொடுங்கள், டிஃபென்டர் தானே விழித்துக்கொள்ளும். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே கணினியில் ஓடவிட்டு, கணினி மெதுவாகிவிட்டது என்று மறுபடி பார்மட் போடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ரிச்சி தெருவில் சரக்கு எடுத்து வந்து லேப்டாப் விற்றால் கையில் நிற்பது சொற்பம். 'சர்வீஸ் சார்ஜ் 500' என்றால் வாடிக்கையாளர் பேரம் பேசுவார். பளபளப்பான பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அதே 500 கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், உழைப்புக்குக் கொடுக்க மாட்டோம் என்கிற இந்தப் பழக்கத்தில் வாடிக்கையாளர்களான எங்களுக்கும் பங்கிருக்கிறது. அந்த 500ஐ வாங்கிக்கொள்ளுங்கள். கூடக் கேட்டாலும் தகும். ஆனால் அதற்கு ஈடாக வேலை செய்துகொடுங்கள்.

என்ன வேலை என்று கேட்டால், முதலில் கிராக் போடாதீர்கள். ஆஃபீஸ் வாங்கக் காசில்லாதவருக்கு லிப்ரே ஆஃபீஸ் போட்டுக் கொடுங்கள். அது இலவசம், மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், சட்டத்துக்கும் உட்பட்டது. அன்றாடப் புழக்கத்துக்கு, கணினியின் அமைப்பை மாற்றும் நிர்வாகி உரிமை இல்லாத ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். டிஃபென்டரில் ரான்சம்வேரைத் தடுக்க, குறிப்பிட்ட ஃபோல்டர்களைக் காக்கும் வசதி ஒன்று அணைந்த நிலையில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, தெரியாத நிரல் படங்களில் கைவைத்தால் என்ன அறிவிப்பு வரும் என்று காட்டுங்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக் கொடுத்து, நகல் முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்தில் இருந்த கணினிகள் எத்தனை நனைந்து உங்கள் கடைக்கு வந்தன என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. உயரத்தில் வைத்த ஒரு நகல் வைரஸுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்தே பதில்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களிடமும் பேசுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களின் கெடு 2026 அக்டோபர் 13. டிஃபென்டருக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸ் என்ற சுவரில் விழுந்த ஓட்டையை அது அடைக்காது; காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸும் அடைக்காது. 'ஆன்டிவைரஸ் போட்டாச்சு, இனி பயமில்லை' என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

விற்ற காவல் உயிரோடு இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்ட அரை நிமிடம் போதும். ஐகார் சோதனைக் கோப்பு உங்களுக்குத் தெரியும்: 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் ஒழுங்கான எந்த ஆன்டிவைரஸும் அதைப் பிடித்தாக வேண்டும். நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். எச்சரிக்கை வந்தால் வாடிக்கையாளர் நிம்மதியாகப் போவார். வராவிட்டால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.

பி.சி. கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்', 1986இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள் எழுதியது. தங்கள் மென்பொருளைத் திருடி நகலெடுப்பவர்களைப் பிடிக்கத்தான் அதை எழுதியதாக அவர்கள் சொன்னார்கள்; கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் புனேயில், கால்குலேட்டர் பழுதுபார்த்துத் தொழிலைத் தொடங்கிய கைலாஷ் காட்கர் கணினிகளையும் பழுதுபார்க்க ஆரம்பித்தார். வந்த கணினிகளில் வைரஸ் இருப்பதைக் கண்டு அவர் தம்பி சஞ்சய் எழுதிய நிரல்தான் பின்னாளில் குவிக் ஹீல் ஆன்டிவைரஸ் ஆனது. 1991 முதல் கே7 நிறுவனம் நம் சென்னையிலிருந்தே ஆன்டிவைரஸ் செய்து, ஜப்பான் வரைக்கும் விற்கிறது. இந்தத் தொழில் உங்களைப் போன்றவர்களின் மேசையில் பிறந்தது. திறந்த கணினியின் முன் திருப்புளியோடு குனிந்திருக்கும் உங்கள் கடைப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது. அந்தப் பையனிடம் போய், டிஃபென்டரை அணைத்துவிட்டுக் கிராக் போடு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதம் அந்த அக்கா மகளுக்கு ஒரு லேப்டாப் வாங்கப் போகிறார். சீட்டுப் பணம் எடுத்திருக்கிறார். உங்களில் ஒருவரின் கடைக்குத்தான் வருவார், கூட நானும் வருவேன். பில்லை வாங்கிக்கொண்டதும் விலக்குப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்வோம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்