தங்கைக்குப் பின்னால் நின்றவர்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மேடைக் கலைஞர் ஜிப்ஸி ரோஸ் லீ பற்றி வந்த கட்டுரை, அவரை நேராக 1931இல் நியூயார்க்கின் மின்ஸ்கி பர்லெஸ்க் (கிண்டலும் உடை களையும் ஆட்டமும் கலந்த மேடைக் கேளிக்கை) அரங்கில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அதற்கு முந்தைய வருடங்கள்தான் சுவாரசியமானவை.

சியாட்டிலில் பிறந்த ரோஸ் லூயிஸ் ஹோவிக் (ஜிப்ஸியின் இயற்பெயர் இதுதான்) சிறு வயதிலேயே மேடை ஏறியவர். ஆனால் நட்சத்திரம் தங்கை ஜூன்தான். பாட்டு, ஆட்டம், வேடிக்கை எல்லாம் கலந்த வாட்வில் நிகழ்ச்சிகளில் தங்கை முன்னால் ஆட, அக்கா பையன் வேடத்தில் பின்னால் நிற்பார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குத் தப்பிக்க, அம்மா ரோஸ் பிள்ளைகளின் வயதை இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்வாராம். (என்ன அம்மாவோ!) 1928 கடைசியில், குழுவில் இருந்த ஓர் ஆட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஜூன் ஓடிவிட்டார். பேசும்படம் வந்து வாட்வில் அரங்குகள் காலியாகிக்கொண்டிருந்த நேரம் வேறு. அப்புறம் அக்காவுக்கு மிச்சமிருந்த வழி பர்லெஸ்க்தான்.

ஆட்டத்தில் அவர் தங்கைக்கு ஈடில்லை. பேச்சுதான் அவருடைய மூலதனம். ஒரு கையுறையைக் கழற்றவே ஆற அமர நேரம் எடுத்துக்கொண்டு, நடுநடுவே கிண்டலடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். 1936இல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற நியூயார்க்கின் பெரிய ஆடல்பாடல் நிகழ்ச்சி மேடை வரை அவரைக் கொண்டுபோனது இதுதான் என்பேன். உங்கள் கட்டுரையோ உடையைக் களைந்ததையே பெரிதாக எழுதிவிட்டு, இதை ஒரே வரியில் முடித்துவிட்டது.

ஓடிப்போன ஜூன், பிழைப்புக்காக நாள்கணக்கில் நீளும் நடனப் போட்டிகளில் ஆடி, பின்னாளில் ஜூன் ஹாவக் என்ற பெயரில் பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்குகள்) நடிகையானார். அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்