அப்பாவின் ஹெர்குலிஸுக்கு நாட்டிங்காம் ஹப்

வடவள்ளி, கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதமும் பேரன் படமும் வந்தன. மூக்கு அப்படியே உங்கள் அம்மாவுடையது. வீட்டில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன்.

என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். படி ஏறினால் வலிக்கிறது, சைக்கிள் மிதித்தால் வலிப்பதில்லை. ஆனால் மருதமலை ரோட்டில் ஏற்றம் வந்ததும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் சிக்கல். அதனால் போன தையில் நீ கொண்டுவந்து கொடுத்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பை, அதுதான் மூன்று கியரை உள்ளே அடக்கிய பின் சக்கரக் குடத்தை, அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளில் மாட்டி, கூடவே பெடல் அச்சில் பொருத்தும் ஒரு கிராங்க் மோட்டாரையும் சேர்த்துவிட்டேன். மூன்று மாத வேலை. வண்டி ஓடுகிறது.

ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவியதும் மேலே பொறித்திருந்தது தெரிந்தது: 'ஏ.டபிள்யூ 68 3'. ஏ.டபிள்யூ என்பது மாடல் பெயர், 1968 மார்ச்சில் செய்தது. நாம் அரை டிராயரோடு பள்ளிக்கூடம் போன காலம். நாட்டிங்காமில் பல்கலைக்கழகத்தின் ஜூப்ளி வளாகத்துப் பக்கம் நடக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அது ராலே சைக்கிள் தொழிற்சாலை இருந்த மண். அந்த ஊரில் 2000 வரை இந்த ஹப்புகளைச் செய்தார்கள். அப்புறம் கம்பெனி தைவான்காரர்கள் கைக்குப் போய்விட்டது.

பாலிடெக்னிக்கில் எபிசைக்ளிக் கியர் கணக்கை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? அது எங்கே சுற்றுகிறது என்று அன்று நமக்கு யாரும் காட்டவில்லை. இந்த ஹப்பைப் பிரித்து மேஜைமேல் வைத்தபோதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். நடுவில் அச்சோடு ஒன்றாக இருக்கும் சூரியச் சக்கரத்துக்கு 20 பல். அதைச் சுற்றி வரும் குட்டிச் சக்கரங்களுக்கும் 20. வெளி வளையத்துக்கு 60. செயின் வளையத்தைத் திருப்பி, குட்டிச் சக்கரங்களின் கூண்டு வழியாக விசை வெளியே வந்தால் 80-க்கு 60 (வளையமும் சூரியச் சக்கரமும் சேர்ந்து 80), அதாவது முக்கால் பங்கு வேகம். அதையே தலைகீழாக்கினால் ஒரு பங்கும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்த வேகம். நடு கியரில் நேரடி ஓட்டம். அரைமணி நேரம் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி காபி ஆறிப்போச்சு என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

சக்கரத்தில் மோட்டார் வைத்திருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் அந்த மோட்டாருக்கு மாற்றிக்கொள்ளும் கியர் கிடையாது. ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய மின்சாரம் சூடாகத்தான் போகும். பம்பு கம்பெனி டெஸ்ட் பெஞ்சில் முப்பது வருஷம் இதைத்தானே பார்த்தேன். கிராங்கில் வைத்த மோட்டார் செயின் வழியாகத் தள்ளுகிறது, என் காலுக்குக் கிடைக்கிற மூன்று கியரும் அதற்கும் கிடைக்கின்றன.

செயின் சக்கரம் முன்னால் 44 பல், பின்னால் 22. நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் முதல் கியரில் மணிக்கு 14 கிலோமீட்டர், நடுவில் 19-க்குக் கொஞ்சம் குறைவு, மூன்றாவதில் 25. நம் நாட்டு விதியில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்றுதானே எல்லை. அதைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். மோட்டாரும் 250 வாட்தான்.

சக்கரம் கட்டியது தனிக்கதை. நம் ஊர் பின் ரிம்முக்கு 40 ஓட்டை, உன் ஹப்புக்கும் 40. அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஹப்பின் விளிம்பு பெரியது, பழைய போக்ஸ் கம்பி எல்லாமே நீளம். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் நாற்பதையும் வெட்டி மரை போட்டு வாங்கினேன். கோட்டம் எடுக்க இரண்டு சாயங்காலம் போனது.

இனி, நான் செய்த தப்பு. மோட்டார் கூடுதல் பலம் கொடுத்து ஹப்பை உடைத்துவிடும் என்றுதான் பயந்தேன். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 70 கிலோ ஆள் 17 சென்டிமீட்டர் கிராங்கில் எழுந்து நின்று மிதித்தால் முறுக்கு விசை கிட்டத்தட்ட 117 நியூட்டன் மீட்டர். என் மோட்டார் 70 சுற்றில் 34-தான் தரும். அந்த ஹப் அறுபது வருஷமாக எழுந்து நின்று மிதித்தவர்களைத் தாங்கியது. ஆனால் அந்த ஆட்கள் ஒவ்வொருவரும் கியர் மாற்றும் கணத்தில் காலைத் தளர்த்தியிருப்பார்கள். சொல்லிக் கொடுக்காமலே கால் அதைச் செய்யும். மோட்டார் செய்யாது, தள்ளிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வாரம் நடு கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன். இந்த ஹப்பில் அந்த இரண்டுக்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. மோட்டார் சுமை இல்லாமல் விர்ரென்று சுற்றியது, பெடல் காலடியில் நழுவியது, அப்புறம் டங் என்று ஒரு சத்தம். விழவில்லை, கவலைப்படாதே. பிரித்துப் பார்த்தால் சிலுவை மாதிரி இருக்கும் கிளட்சின் முனைகள் மழுங்கியிருந்தன. அது கொக்கி போடும் பின்களின் தலையும் அப்படியே. மனசு ரொம்ப வலித்தது. 1968-லிருந்து கெடாமல் வந்ததை இரண்டு வாரத்தில் கெடுத்துவிட்டேன்.

இப்போது கியர் கேபிளின் நடுவே ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன். கேபிள் அசைந்த உடனே மோட்டாரை ஒரு கணம் நிறுத்திவிடும். அந்த ஒரு கணம் போதும், கியர் 'க்ளிக்' என்று மென்மையாக விழுகிறது. நடு கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஓட்டை வழியாகப் பார்த்தால் கியர் மாற்றும் இழுகம்பியின் விளிம்பு அச்சு முனைக்குச் சரியாக நிற்க வேண்டும். வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். அச்சு திரும்பாமல் பிடிக்கும் காது வைத்த வாஷரை முதலில் அலட்சியமாக விட்டிருந்தேன். நட்டு தானாகவே தளர்ந்தது. அதையும் போட்டாயிற்று. எண்ணெய் மெல்லியதுதான், கிரீஸ் கிடையாது, தடித்த எண்ணெய் விட்டால் உள்ளே பல்லில் விழுந்து பிடிக்கும் சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று விடியற்காலை மருதமலை அடிவாரம் வரை போய்வந்தேன். முதல் கியர், மோட்டார் முனகலாகக் கேட்டது, முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இதே வண்டியில் என்னை முன் பாரில் உட்காரவைத்து அங்கே கூட்டிப் போயிருக்கிறார். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். அந்த இடம் வந்தபோது நானும் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். மூன்றாவது கியர் அழுத்தி மிதித்தால் இன்னும் சறுக்குகிறது. அங்கே பழைய சாமான் விற்கும் இடத்தில் உடைந்த ஏ.டபிள்யூ ஹப் எதாவது கிடந்தால் எடுத்து வை. கூடு நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, உள்ளே கிளட்சும் பின்களும் நன்றாக இருந்தால் போதும். முன் சக்கரத்துக்கு 32 ஓட்டை டிரம் பிரேக் ஹப் கிடைத்தால் அதையும். மழையில் கம்பி பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, இந்த வண்டிக்கு அது போதாது. பணம் எவ்வளவு என்று கூச்சப்படாமல் எழுது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு என் முத்தம்.

உன் பங்காளி