தண்ணீர் வரும் நாட்களின் கனவு

கோவில்பட்டி
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். அப்படியிருந்தும் நீ பேனா எடுத்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றால், விஷயம் உன்னை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. அதனால் நானும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மகள் மதுரையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நாம் சொன்ன அதே குறையைச் சொல்கிறாள். வாசல் வேப்பமரத்தில் பாதியை மின்கம்பிக்காக வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் இப்போது பத்து மணிக்கே வெயில் அடிக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதமாக ஒவ்வொரு தூக்கத்திலும் மூன்று அலாரம் வைத்து எழுகிறாய். கனவா நனவா என்று பார்க்கக் கையைத் தூக்கி விரலை எண்ணுகிறாய். கனவில் இருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்தால் ஆஸ்பத்திரி வார்டில் நீ தவிக்கிற அந்தக் கெட்ட கனவை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறாய். ஒரு தடவைகூட வரவில்லை, "என் மூளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மல்லிகா, உன் மூளையில் ஒரு குறையும் கிடையாது. அப்படித் தெளிந்த கனவு வருகிற பகுதியை உன் தூக்கத்திலிருந்து நீயே வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாய், அவ்வளவுதான். எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், என் நோட்டு சொல்கிறது.

நான் கனவு நோட்டு எழுதுவது உனக்குத் தெரியும். தெளிவாக, "இது கனவு" என்று தெரிந்தே கண்ட கனவுகளுக்குத் தேதியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். ஒரு வருஷத்து நோட்டைப் புரட்டியபோது 11 நட்சத்திரம் இருந்தது. அதில் 9 நட்சத்திரம் தண்ணீர் வந்த நாள்.

அப்போது எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். குழாய் முதலில் காற்றைத்தான் விடும். "புஸ்... புஸ்" என்று அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். பன்னிரண்டு குடம், இரண்டு அண்டா. முடிய அரைமணி நேரம் ஆகும். பிறகு ஈரக்காலைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தால் ஆறரை வரை தூக்கம். ராத்திரி பத்துக்கே படுத்துவிடுவேன் என்பதால், எழும்போதே ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருப்பேன்.

முதல் தடவை வந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. கனவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீலப் பிளாஸ்டிக் குடம். எவ்வளவு நேரமானாலும் நிறையவில்லை. குனிந்து பார்த்தால் குடம் பித்தளையாக இருக்கிறது. அம்மா வீட்டுக் குடம், கழுத்துக்குக் கீழே அந்த ஒடுக்குகூட அப்படியே. இதை எப்போதோ பாத்திரக்கடையில் போட்டுவிட்டோமே என்று தோன்றியது. அடுத்த நொடி, "நான்தான் இன்றைக்குத் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டேனே! இப்போது படுத்தல்லவா இருக்கிறேன்?" அவ்வளவுதான், சுற்றியிருந்தது எல்லாம் துலக்கிவைத்த மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. கையைத் தண்ணீருக்குள் விட்டேன். விரல்களுக்கு இடையில் அது ஓடும் குளிர்ச்சி நிஜத்தைவிட நிஜமாக இருந்தது. ஐயோ, கனவுக்குள் நிற்கிறேனே என்ற சந்தோஷத்திலேயே விழித்துவிட்டேன்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஹாலந்தில் ஃபிரடெரிக் வான் ஏடன் என்று ஒரு மனநல மருத்துவர், எழுத்தாளரும்கூட. இப்படித் தெரிந்தே காணும் கனவுக்கு "லூசிட் ட்ரீம்" என்ற பெயரை உலகத்தில் பரப்பியது அவர் 1913-ல் வெளியிட்ட கட்டுரைதான். 1898-லிருந்து 1912 வரை இப்படிப்பட்ட கனவுகள் தனக்கு 352 வந்ததாகக் கணக்கு எழுதி வைத்திருந்தார். அவர் சொன்ன ஒரு தகவலைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. அந்த 352-ம், ஒன்றுகூடத் தவறாமல், காலை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் வந்தவை. என் தண்ணீர் நாட்களும் அதே நேரம்!

காரணம் அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், தூங்குகிறவர்களின் கண் மூடிய இமைக்குள் வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்களே, அதற்குப் பிறகுதான் புரிந்தது. நீ நர்சிங்கில் படித்திருப்பாய், ஆர்.ஈ.எம். தூக்கம், கதையான கனவுகள் பெரும்பாலும் வரும் கனவுத் தூக்கம். ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒருமுறை அது வந்துபோகிறது. ஆனால் சமமாக வருவதில்லை. படுத்த முதல் சுற்றில் பத்து நிமிஷம் வந்தால் பெரிது. அந்நேரம் உடம்புக்கு ஆழ்ந்த தூக்கம்தான் வேண்டும். விடிய விடிய ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போய், கடைசியில் அரைமணிக்கு மேலும் நீடிக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் கடைசி இரண்டு மணியை வெட்டினால், போவது கால் பங்கு தூக்கம்தான் என்று தோன்றும். கனவுத் தூக்கத்தில் போவது அதைவிட ரொம்பப் பெரிய பங்கு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் அதற்கு மட்டும் தனி மரியாதை கொடுத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீளமாக, கதையாக, எழுந்த பின்னும் நினைவில் நிற்கும் கனவு அதுதானே.

இப்போது உன்னை யோசித்துப் பார். காலை ஐந்து மணிக்கு நீ எங்கே இருக்கிறாய்? நைட் டியூட்டியில், பேஷண்டுக்கு டெம்பரேச்சர் பார்த்து சார்ட்டில் எழுதிக்கொண்டு, ஹேண்ட்ஓவருக்குத் தயாராகிக்கொண்டிருப்பாய். உடம்புக் கடிகாரம் கனவுத் தூக்கத்துக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் நேரத்தை நீ வார்டுக்குக் கொடுத்துவிடுகிறாய். வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குப் படுத்தால், கொஞ்ச நேரத்தில் உடம்பு "பகலாச்சே" என்று எழுப்பிவிடுகிறது. நாலு மணிக்குக் குடித்த காபியில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் கிடைக்கிற ஐந்து மணி நேரத்தை மூன்று அலாரத்தால் துண்டு போடுகிறாய். பாக்கி வைத்த உடம்பு முதலில் ஆழ்ந்த தூக்கத்தைத்தான் வசூலிக்கும். கனவுக்கு முறை வருவதற்குள் நீ எழுந்து மதியச் சமையலைப் பார்க்கப் போய்விடுகிறாய்.

எழுந்தால் மட்டும் போதாது என்பதையும் நான் பட்டே தெரிந்துகொண்டேன். மார்கழி முழுக்க நாலரைக்கு எழுந்து கோலம் போட்டு, கோயிலுக்குப் போய், அப்படியே அன்றைய வேலையைத் தொடங்கிவிட்டேன். திரும்பப் படுக்கவில்லை. அந்த மாதத்தில் நட்சத்திரம் மட்டுமல்ல, சாதாரணக் கனவுகூட நோட்டில் ஏறவில்லை. எழுந்துவிட்டு மறுபடி தூங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. மூளை கொஞ்சம் தெளிந்திருக்கும்போதே நீண்ட கனவுக்குள் நேராக இறங்குகிறோம்.

அதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அலாரத்தை ஸ்னூஸ் போட்டுப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கனவு கூடுதலாக வருகிறது என்று பிரிட்டனில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2015-ல் சொன்னது. அதற்காக ஸ்னூஸ் போடுவது நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு முக்கியமாகப் பட்டது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு ஆய்வு, 2017-ல் வந்தது. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, "அடுத்த தடவை கனவு காணும்போது இது கனவென்று எனக்கு நினைவு வரும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி படுக்கச் சொன்னார்கள். பரீட்சை நாளில் தலையணையிடம் "நாலு மணிக்கு எழுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுப் படுப்போமே, கிட்டத்தட்ட அதேதான். மொத்தத்தில் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. ஆனால் சொல்லி முடித்த ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதம். சுலபமாகத் தூக்கம் வருகிறவருக்குத்தான் கதவு திறக்கிறது. நீயோ போனைப் பார்த்து, மணி பார்த்து, "வருமா வராதா" என்ற கவலையில் ஒரு மணி நேரம் புரண்டு படுக்கிறாய்.

இன்னொன்று, நீ எழுதியிருந்த அமுக்குவான் பேய். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி, கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை என்றாயே. கனவுத் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போடுகிறது, கண்ணையும் மூச்சையும் தவிர. விழிப்பு வந்தும் அந்தக் கட்டு அவிழாத சில நொடிகள்தான் அது. மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், தூக்கம் துண்டு துண்டாகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். உன் மூன்று அலாரம் அந்தக் கனவைக் கொண்டுவராமல் இதைத்தான் கொண்டுவந்திருக்கிறது. ஒருக்களித்துப் படுத்துப் பார். கண் மட்டும் கட்டப்படாததை வைத்துத்தான் 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஒருவர், தூக்கத்துக்குள் இருந்தபடியே, முன்பே பேசிவைத்த மாதிரி கண்ணை இடமும் வலமும் அசைத்து "நான் கனவுக்குள் தெளிவாக இருக்கிறேன்" என்று வெளியே தெரிவித்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் குரல் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் உன் வார்டு கனவு. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, உன்னால் நடக்க முடியவில்லை, சிலிண்டர் தீர்ந்துபோகிறது. கொரோனா சமயத்தில் நீ பார்த்ததை எல்லாம் நான் அறிவேன். இதற்குத் தெளிகனவு வரும்வரை நீ காத்திருக்க வேண்டியதில்லை. பகலில், முழு விழிப்பில், அந்தக் கனவை எழுதி, முடிவை மட்டும் உனக்குப் பிடித்தபடி மாற்றி, தினமும் பத்து இருபது நிமிஷம் கண்ணை மூடி அந்தப் புதுக் கதையை மனதில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சிகிச்சை இருக்கிறது. கெட்ட கனவுகளுக்கு மருத்துவர்களே பரிந்துரைப்பது. தூக்கத்தை உடைக்கவே வேண்டாம். உங்கள் மனநலப் பிரிவில் இருக்கிற அந்த அம்மாவிடம் ஒரு தடவை மனம்விட்டுப் பேசு. நர்ஸ் போய்க் கேட்பதா என்று தயங்காதே, உன் பேஷண்டாக இருந்தால் நீயே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பாய்.

அதுவரை டியூட்டி நாளில் அலாரம் வேண்டாம், எதற்காகவும். காலையில் பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். நேரே போய் இருட்டில் படு. காபியை ராத்திரி ஒரு மணிக்கு முன்பே முடித்துக்கொள். தொடர்ந்து லீவு கிடைக்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் பாக்கியைத் தீர்த்துத் தூங்கு. அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள், ஆறு மணி நேரம் தூங்கிய பின் எழுந்து, மங்கின விளக்கில் அரைமணி உட்கார்ந்திரு. போனைத் தொடாதே. கடைசியாகக் கண்ட கனவை எழுது. அப்புறம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு படு. வந்தால் சரி, வராவிட்டால் நல்ல தூக்கம் மிச்சம். கனவில் தெளிந்த மாத்திரத்தில் குதித்துவிடாதே. கையோடு கையைத் தேய், எதையாவது தொட்டுப் பார், கனவு கொஞ்சம் நிலைத்து நிற்கும்.

எனக்கு அப்படி நின்ற ஒன்றில் தெருவைத் தாண்டி நடந்தேன். தெரு முடிந்த இடத்தில் நம் ஹாஸ்டல் வராந்தா. நீ படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். துண்டுக்குள் முகம். "மல்லிகா" என்று கூப்பிட்டேன், நிமிரவில்லை. துண்டின் ஓரத்தில் மஞ்சள் நூலில் உன் ரூம் நம்பர் தைத்திருந்ததைப் படித்தேன், 14. கண்ணை எடுத்துத் திரும்பப் பார்த்தால் 41. பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தபோது விடிந்துவிட்டது.

சித்திரைக்குப் பிறகு எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் தண்ணீர் விடுகிறார்கள். அன்றோடு நோட்டில் நட்சத்திரமும் நின்றுபோனது. மூன்று மாதம் ஒன்றுகூட இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானாக நாலரைக்கு எழுந்து, பின்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் படுக்கிறேன். போன வாரம் ஒன்று வந்தது.

அடுத்த மாதம் உனக்கு ஒரு வாரம் லீவு என்றாயே, எங்கும் அலையாதே, இங்கே வா. பின்னறை ஜன்னலுக்குக் கெட்டித் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். நீ எவ்வளவு நேரம் தூங்கினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். காலையில் குடச் சத்தமும் இருக்காது. ரயில் ஏறும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
செல்வி